மேஜைமேல் இருந்த பெயர்

இருபது வருஷமாக டெல்லியில் ஒரே கம்பெனியின் மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார் ஸ்ரீவத்ஸன். புதிதாகப் பதவி ஏறியவர்களுக்கு ஒரு வகுப்பு, பத்து வருஷம் ஆனவர்களுக்கு ஒன்று, தலைமைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. செய்த தப்பை உடனே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மூன்றிலுமே சொல்லிக்கொடுப்பார். வாய்க்கென்ன, எதையும் சொல்லும்! இரண்டு வருஷமாக அவர் மனசைக் கிடந்து அரிப்பது அவருக்கல்லவா தெரியும்.

இரண்டு வருஷம் முன்பு வந்த புது மேனேஜர்கள் முப்பது பேர். அவர் மதியம்தான் வந்தார். மேஜைமேல் மடித்து வைத்த பெயர் அட்டைகளைப் பார்த்தே குறிப்பு எழுதினார். ஏசி முகத்தில் அடிக்கிறதென்று கௌதமன், சாப்பாட்டுக்குப் பிறகு உமாமகேஸ்வரியோடு இடம் மாறியிருந்தான். அட்டைகளை இருவரும் மாற்றவில்லை. ஓயாமல் பேசியவன் அவன். 'பேச்சு அதிகம், பிறர் சொல்வதைக் கேட்பதில்லை' என்ற குறிப்பு போனதோ உமாவின் பெயரில். 'பொறுமையாகக் கேட்கிறார்' என்பது அவனுக்கு.

மறுநாள் குரூப் போட்டோவுக்குப் பெயர் எழுதும்போதே விஷயம் புரிந்துவிட்டது. அறிக்கை மேலிடத்துக்குப் போயாயிற்று. மானம் போகுமே என்று பேசாமல் இருந்துவிட்டார். பதவி உயர்வு கௌதமனுக்குக் கிடைத்தது. இன்று உமாவுக்கே அவன்தான் மேலதிகாரி.

இந்த வாரம் உமாவை அதே வகுப்புக்கு மறுபடியும் அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாளாக அவள் வாயே திறக்கவில்லை. டீ இடைவேளையில் கேட்டுவிட்டார்.

"ஏன் உமா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறேள்?"

"நீங்கதானே சார் எழுதினீங்க, பேச்சு அதிகம்னு? கஷ்டப்பட்டுக் குறைச்சுக்கிட்டேன். இப்ப டீக் ஹை தானே, சரியாயிடுச்சு இல்லையா?"

அடப் பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

"அது உங்களுக்கு எழுதினதே இல்லம்மா. கௌதமனுக்கு. நீங்க இடம் மாறி உக்காந்திருந்தேள், நான் அட்டையைப் பாத்து எழுதிட்டேன். மறுநாளே தெரிஞ்சுது. பயந்துண்டு சொல்லலை."

"மறுநாளேவா?"

தலையாட்டினார். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"என்னை விடுங்க சார். அப்போ கௌதமன்கிட்ட அதை யாருமே சொல்லலையா? பதினாலு பேர் அவர்கிட்ட வேலை பாக்கறோம். ஒருத்தர் சொல்றதையும் காதுல வாங்க மாட்டார். ரெண்டு பேர் அழுதுக்கிட்டே வேலையை விட்டுட்டுப் போனாங்க."

இத்தனை நாளும் ஒருத்திக்குத்தான் கெடுதல் செய்தோம் என்று நினைத்திருந்தார் மனுஷர்.

"நாளைக்கு மேலிடத்துக்கு எழுதிடறேன்" என்றார்.

"நாளைக்கு வேணாம்." உமா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "இப்பவே எழுதுங்க. மறுநாளே தெரியும்ங்கறதையும் சேர்த்து எழுதுங்க. படிச்சுப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."