சூனியக்காரிக்கு அரை நாள் லீவு

எனக்குப் பக்கத்து மேசையில் மூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஷர்லி ஒரு சூனியக்காரி. எனக்கே போன திங்கட்கிழமைதான் தெரியும்.

ஏதோ கோபத்தில் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவளே சொன்னாள். அதுவும் மானேஜர் முன்னால், சத்தமாக.

ஆக்லாந்தில் ஒடாஹுஹு என்ற பகுதியில் ஒரு பிஸ்கட் ஃபாக்டரி. அதில் நானும் ஷர்லியும் ஆர்டர் பிரிவு. ஃபோன் அடித்தால் எடுக்க வேண்டும், எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்று எழுத வேண்டும். பெரிய ராஜதந்திர வேலை ஒன்றுமில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் கொட்டுகிற காலம் இது. இரண்டு பேரில் ஒருத்தியாவது ஃபோனுக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதனால் மானேஜர் டிரெவர் ஒரு விதி வைத்திருக்கிறார் — இந்த சீசனில் லீவு கிடையாது. மதக் காரணம் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

எனக்கென்ன கவலை? வெள்ளிக்கிழமை தீபாவளி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கேட்டேன்.

என் பின்னாலேயே ஷர்லி வந்து நின்றாள். "எனக்கும் அதே வெள்ளிக்கிழமை வேண்டும். மதக் காரணம்."

"உனக்கு என்ன மதம்?" என்றார் டிரெவர்.

"விக்கா. சூனியக்காரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சுலபமாகப் புரியும்."

டிரெவர் கடித்த இஞ்சி பிஸ்கட் பாதியில் நின்றது.

"துடைப்பமெல்லாம்... இருக்கிறதா?"

"இருக்கிறது. வீடு கூட்ட."

ஷர்லி பொறுமையாக விளக்கினாள். இயற்கையை வணங்கும் பழைய வழிபாடாம். ஒரு பெண் தெய்வம், ஒரு ஆண் தெய்வம். வெள்ளிக்கிழமை அவர்களுக்குப் பெல்டேன், வசந்தத்தை வரவேற்கிற பண்டிகை. ஐரோப்பாவில் மே மாதம் கொண்டாடுவார்கள். இங்கே பருவம் தலைகீழ் அல்லவா? அதனால் அக்டோபர் கடைசி.

"இது சட்டம் அங்கீகரித்த மதமா?" என்று கேட்டார் டிரெவர். "விசாரித்துச் சொல்கிறேன்."

தேநீர் அறையில் நான் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தேன். உள்ளுக்குள் எரிச்சல். நம்முடையது ஆயிரக்கணக்கான வருஷத்து மதம். நேற்று முளைத்த சூனியக்காரி கும்பல் என் தீபாவளிக்குப் போட்டியா?

ஷர்லி தானாகவே பேசினாள்.

"ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் வயிற்றுவலி என்று சொல்லித்தான் லீவு எடுப்பேன். சாமி கும்பிடுவதற்கு வயிற்றுவலி! எங்கள் முறையில் ஒரு கல்யாணம் நடத்தினால் செல்லாது. மறுநாள் ரெஜிஸ்ட்ரி ஆபீஸ் போய் இன்னொரு தரம் கட்ட வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது. இந்தத் தடவை உண்மையைச் சொல்லிப் பார்ப்போம் என்று நினைத்தேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. சூனியக்காரிகளும் அழுவார்களா? அழுதாள். நான் நாற்காலியைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டேன்.

அன்று பின்னேரம் மவுண்ட் ரோஸ்கில் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் என் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனுஷர் யாழ்ப்பாணத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். இங்கே தபால் பிரிக்கிறார்.

"உமக்கு விசரே? சூனியக்காரியோட என்ன கதை? மேசையில தேசிக்காய் ஏதும் வைச்சவளோ?"

"இல்லையப்பா. ஃபோனும் பேனையும்தான் வைச்சிருக்கிறா."

"எதுக்கும் நாளைக்குக் கீழயும் குனிஞ்சு பாரும்."

கெமிஸ்ட்ரி படித்த மனுஷர்! பார்த்தேன், என்ன செய்ய? மேசைக்குக் கீழே செய்வினை எலுமிச்சங்காய் எதுவும் இல்லை, குப்பைக்கூடைதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை டிரெவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முகம் சரியில்லை. அரசாங்க அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாராம். இங்கே மாற்றி, அங்கே மாற்றி, கடைசியில் ஒரு அம்மாள் கிடைத்தாராம். 'சட்டம் அங்கீகரித்த மதங்கள் என்று எங்களிடம் பட்டியல் எதுவும் இல்லை. நீங்கள் என்ன மதம்?' என்று அந்த அம்மாள் கேட்க, இவர் 'ஆங்கிலிக்கன் கிறிஸ்தவன்' என்றிருக்கிறார்.

"என் மதத்துக்கும் பட்டியல் இல்லை என்கிறாள்!" டிரெவருக்கு அதுதான் தாங்க முடியவில்லை. "ஆகவே நானே முடிவு செய்யப் போகிறேன். மதம் என்றால் மூன்று விஷயம் வேண்டும். கடவுள், புத்தகம், கட்டடம். ஷர்லி, உங்கள் கட்டடம் எங்கே?"

"என் வீட்டுக் கொல்லைப்புறம்."

"பார்த்தாயா!" என்று என் பக்கம் திரும்பினார். "உங்கள் கோயில் எங்கே?"

ஆக்லாந்தில் எங்களுக்கு ஏது கோயில்? துணி அலுமாரியின் மேல்தட்டில் பிள்ளையார் இருக்கிறார். கூட்டுப் பிரார்த்தனைக்கு ஒரு சர்ச் ஹாலை வாடகைக்கு எடுக்கிறோம்.

"அலுமாரி..." என்றேன்.

"சரி, புத்தகம்?"

"நிறைய இருக்கின்றன."

"எதைப் படித்திருக்கிறாய்?"

நல்லவேளை, ஃபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். பப்பாகூராவிலிருந்து நாற்பது பெட்டி க்ரீம் பிஸ்கட். வாழ்க்கையில் ஒரு ஆர்டரை அவ்வளவு ஆசையாக நான் எழுதியதில்லை.

திரும்பி வந்தால் டிரெவர் விடவில்லை. "அன்றைக்கு என்னதான் செய்வீர்கள்?"

ஷர்லி: "நெருப்பு மூட்டித் தாண்டுவோம்."

நான்: "விடியற்காலையில் தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். ஒரு அசுரன் செத்துப்போனான்... அதற்காக."

எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தமிழில் சொல்லும்போது எவ்வளவு கம்பீரமான விஷயம்! ஆங்கிலத்தில் அது ஏன் இப்படி ஆகிவிடுகிறது?

அந்த நேரம் பார்த்து டெலிவரி சீட்டில் கையெழுத்து வாங்க சுப்ரமணி உள்ளே வந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஃபிஜித் தமிழர்.

"நெருப்பைத் தாண்டுவார்களா?" என்றார் அலட்சியமாக. "ஃபிஜியில் எங்கள் மாரியம்மன் கோயிலில் நாங்கள் அதன் மேலேயே நடப்போம்."

டிரெவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒருவருக்கும் லீவு இல்லை. வெளியே போங்கள்."

போயிற்று என் தீபாவளி! வாசலில் இரண்டு பேரும் திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

"உன் பண்டிகை விடியற்காலையிலா?" என்று ஷர்லி கேட்டாள்.

"ஓம், காலையில்தான். மத்தியானத்தோடு முடிந்துவிடும். உனக்கு?"

"சாயங்காலம்."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். மறுபடி கதவைத் தட்டினோம். காலையில் ஃபோனுக்கு ஷர்லி, மத்தியானத்துக்குப் பிறகு நான். ஆளுக்கு அரை நாள்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!" என்றார் டிரெவர். சொல்லியிருக்கலாம். ஆனால் எது உண்மையான மதம் என்று நிரூபிப்பதில் இரண்டு பேரும் மும்முரமாக இருந்தோமே, பண்டிகை எந்த நேரம் என்று கேட்க எங்கே தோன்றும்?

வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு, பலகாரம், பூசை எல்லாம் முடித்துக்கொண்டு மத்தியானம் வேலைக்குப் போனேன். ஷர்லி ஒரு டப்பா முறுக்கோடு வீட்டுக்குக் கிளம்பினாள். மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஆக்லாந்து மழைக்கு எந்த மதமும் ஒன்றுதான்.

நான் மேசையைப் பூட்டும் நேரத்தில் ஃபோன். ஷர்லி.

"மழை விட்டுவிட்டது, ஆனால் விறகெல்லாம் நனைந்துவிட்டது. பெட்ரோல் ஊற்றுவது எங்களுக்கு மரியாதை இல்லை. உங்கள் ஆட்கள் நெருப்பு விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்று சுப்ரமணி சொன்னாரே..."

வீட்டுக்கு ஃபோன் போட்டேன். "இஞ்சாருங்கோ, என்னைக் கூட்டிக்கொண்டு போக வரேக்க சாமித்தட்டில இருக்கிற கற்பூரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாங்கோ. ஷர்லி வீட்டை போகவேணும்."

"நல்ல நாளும் அதுவுமா சூனியக்காரி வீட்டுக்கோ?" என்று கத்தினார். ஆனால் வந்தார்.

பப்பாகூராவில் ஷர்லி வீட்டுக் கொல்லையில் பத்துப் பேர் மழைக்கோட்டும் தலையில் பூவளையமுமாக விறகைச் சுற்றி நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. என் கணவருக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். அடுக்கைப் பிரித்து, காற்றுக்கு வழி விட்டு, நடுவில் கற்பூரத்தைக் குவித்து ஒரு தீக்குச்சி கிழித்தார். பத்தே நிமிஷத்தில் விறகு சடசடவென்று பிடித்தது. பத்துப் பேரும் கை தட்டினார்கள். இது என்ன மந்திரம் என்று ஒரு பெண் கேட்க, இவர் பதங்கமாதல் பற்றி ஒரு வகுப்பே எடுத்தார்.

பிறகு எல்லோரும் தாண்டினார்கள். பள்ளிக்கூடத்தில் நீளம் பாய்தலில் பரிசு வாங்கியவராம் என் கணவர் — காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் தாண்டினார். நான் சேலையைக் காரணம் காட்டித் தப்பினேன்.

ஓரத்தில் ஒரு பெரிய கரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. இவர் என் காதில், "உதுக்குள்ள என்ன கிடக்கோ தெரியேல்ல..." என்றார்.

பூசணிக்காய் சூப்! பக்கத்தில் பருப்பு வடை மாதிரி ஒன்று, ரொட்டி, பழங்கள். இந்த நாட்டில் எந்த விருந்துக்குப் போனாலும் பச்சைப் பட்டாணிக்குள்ளும் பன்றி இறைச்சியைத் தேடிப் பிடித்து ஒதுக்கிவிட்டு, வெறும் பாண் ரொட்டியைத் தின்று வீடு திரும்புகிற மனுஷர் இவர். இங்கே யாருமே மாமிசம் தொடுவதில்லை என்றாள் ஷர்லி. மூன்று கோப்பை குடித்தார். என் முறுக்கு டப்பாவும் காலி.

காரில் திரும்பும்போது கேட்டேன். "இப்ப சொல்லுங்கோ, உது மதமோ இல்லையோ?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"சட்டத்தில என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லுவன்... அவையள் சுத்தச் சைவமப்பா!"