மாப்பிள நாற்காலியில ஆஸ்பத்திரிக்கு

போன மாசம் எங்க பெங்களூரு ஆஸ்டின் டவுன்ல ஒரு டாக்டர் பொண்ணு வந்து, ஹார்ட் அட்டாக் வந்தா பக்கத்துல இருக்கறவங்க இன்னா பண்ணணும்னு கிளாஸ் எடுத்துச்சு. ஸ்கூலுக்குப் போன காலத்துலயே கிளாஸ்ல உக்காராத ஆளு நான். டீயும் பன்னும் குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன்.

ஆள நடக்க வெக்காதீங்க, முதுகுக்கு அண்டக் குடுத்து உக்கார வைங்க, சட்டப் பட்டன கழட்டி விடுங்க, சோறு தண்ணி குடுக்காதீங்க, ஒடனே போன் பண்ணி ஆஸ்பத்திரி வண்டிய வரவைங்க, தனியா விடாதீங்க, அமைதியா வெச்சுக்குங்கன்னு அந்தப் பொண்ணு அழகா சொல்லிச்சு. நான் வாய் நெறைய பன்னோட கையத் தூக்கினேன்.

"மேடம், எங்கம்மா இதெல்லாம் அந்தக் காலத்துலயே பண்ணிச்சு. அந்த அமைதி மட்டும்தான் அதுக்கு வராது."

எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஜோக்கு சொன்னா எவனும் சிரிக்க மாட்டான். நெசத்தச் சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கறானுங்க. எனக்கு வாய்ச்சது அப்படி.

எங்கப்பா தெரு மொனையில இருந்த ஷாமியானா கடையில மேஸ்திரி. கல்யாணத்துக்குப் பந்தல் துணி, மூங்கில், அண்டா குண்டா எல்லாம் வாடகைக்குப் போவும். அங்க ஒரு மாப்பிள நாற்காலி இருந்துச்சு. செவப்பு வெல்வெட்டு, ஒசரமான முதுகு, தங்க பெயிண்ட்டு, சுத்தி ஜிகினா மால. அதுல உக்காரணும்னு எனக்கு ரொம்ப ஆச. ஒருவாட்டி ஏறி உக்காந்து, எறங்கும்போது எங்கப்பா கையால மாப்பிள மரியாத வாங்கிட்டுத்தான் எறங்கினேன்.

நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒருநாள் காலையில அண்டா எறக்கிட்டு இருந்த மனுஷன், திடீர்னு துணி மூட்ட மேல உக்காந்துட்டாரு. மொகம் பூரா வேர்வ. எடது கைய நெஞ்சோட சேத்துப் புடிச்சிக்கிட்டு, "பெரிய அண்டாவ நெஞ்சு மேல கவுத்த மாதிரி இருக்குதுடா"ன்னாரு.

அப்பல்லாம் எங்க தெருவுல நெஞ்சு வலின்னா அது வாயுதான். ஹார்ட்டுன்னு ஒண்ணு ஏழைங்களுக்கும் உண்டுன்னு எவனுக்குத் தெரியும்? சோடாக் கடைக்காரரு கோலி சோடா ஒடச்சிக்கிட்டு ஓடியாந்தாரு. டெய்லரு, "நாலு தபா தெருவுல நடக்க வுடுங்கப்பா, ஏப்பம் வந்தா சரியாப்பூடும்"னாரு. பக்கத்து வூட்டம்மா ஓமத் தண்ணியோட வந்துச்சு. இன்னொருத்தரு பாயே விரிச்சிட்டாரு, படுக்க வெக்க. யாரோ நெத்தி நெறைய விபூதிய அப்பிட்டாங்க. நான் இன்னா பண்ணேன்னு கேக்காதீங்க. அந்த சோடா யாருக்கும் வேணாம்னா நமக்குக் கெடைக்குமான்னு பாத்துட்டு நின்னேன்.

அப்ப வந்துச்சு எங்கம்மா, மாவு கையோட. சோடாவத் தட்டி வுட்டுச்சு. பாயச் சுருட்டி வீசிச்சு.

"எங்கப்பாவுக்கும் இதே வலிதான் வந்துச்சு. இப்படித்தான் நடக்க வெச்சீங்க, தண்ணி ஊத்துனீங்க, படுக்க வெச்சுட்டு சுத்தி சும்மா உக்காந்தீங்க. சாயங்காலம் பொணமாத்தான் குடுத்தீங்க. இந்தாளு மேல எவனாவது கைய வெச்சீங்க, மாவு கல்ல எடுத்துட்டு வந்துடுவேன்!"

அதுக்கு வைத்தியம் ஒண்ணும் தெரியாது. அவங்கப்பாவுக்கு இன்னா இன்னா பண்ணாங்களோ அதையெல்லாம் தலகீழாப் பண்ணணும், அவ்ளோதான் அது கணக்கு. சட்டப் பட்டன புடிச்சு இழுத்துச்சு, ரெண்டு பட்டன் பறந்தே போச்சு. மூட்டைய முதுகுக்கு முட்டுக் குடுத்துச்சு.

ஜட்காவக் கூப்பிடலாம்னா, ஜட்காக்காரரு குதிரைக்கு லாடம் அடிக்கப் போயிட்டாரு. கட்டில்ல வெச்சுத் தூக்கலாம்னான் ஒருத்தன்.

"படுத்துக்கினு இந்தத் தெருவ வுட்டுப் போவ மாட்டேன்"னாரு எங்கப்பா, மூச்சு வாங்கிக்கிட்டே. "போனவன் எவன் திரும்பி வந்தான்?"

எங்கம்மா சுத்துமுத்தும் பாத்துச்சு. மாப்பிள நாற்காலியக் காட்டிச்சு. மொதலாளி வாயத் தெறக்கறதுக்குள்ள, கடை ஆளுங்க நாலு பேரு ரெண்டு மூங்கில வெச்சுக் கயித்தால கட்டி, எங்கப்பாவ உக்கார வெச்சுத் தோள்ல ஏத்திட்டாங்க.

"டேய், உங்கப்பா செருப்ப எடுத்துக்கோ"ன்னுச்சு அம்மா எங்கிட்ட.

"செருப்பு எதுக்கும்மா இப்ப?"ன்னு டெய்லரு கேட்டாரு.

"வரும்போது நடந்துதான வருவாரு? வெறுங்காலோட வரச் சொல்றியா?"

இங்க ஒரு விஷயம் சொல்லணும். பெங்களூருல கன்னடக்காரங்க செல பேரு, செத்தவங்கள படுக்க வெச்சு எடுத்துட்டுப் போவ மாட்டாங்க. நாற்காலியில உக்கார வெச்சு, நெத்தியில விபூதி பூசி, மால போட்டு, மரியாதையா தூக்கிட்டுப் போவாங்க. எங்கப்பா கோலத்த இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க.

ரிச்மண்ட் டவுன் பக்கம் திரும்பினதும் சைக்கிள்ல வந்தவங்க எல்லாம் எறங்கி ஓரமா நின்னாங்க. பூக்காரம்மா ஒருத்தி ஒரு கை பூவ அள்ளி எங்கப்பா மடியில போட்டுக் கும்பிட்டா. போலீஸ்காரரு காரு பஸ்ஸு எல்லாத்தையும் நிறுத்திட்டு வெறப்பா ஒரு சல்யூட் வெச்சாரு. ஒரு பெரியவரு பக்கத்துல வந்து, செத்தது யாருன்னு மெதுவா கன்னடத்துல கேட்டாரு.

நாற்காலி மேலருந்து எங்கப்பா கண்ணத் தெறந்து, "நீனே கணோ!"ன்னாரு. நீதான்டான்னு அர்த்தம். பெரியவரு கொடையப் போட்டுட்டு ஓடின ஓட்டம் இருக்கே!

ஆனா கொஞ்ச தூரத்துல அப்பா பேச்சு நின்னுடுச்சு. தல சாஞ்சுது. ஒதடு வெளுத்துப் போச்சு. எங்கம்மா நாற்காலி பக்கத்துலயே ஓடிட்டு வந்துச்சு. ஓடிக்கிட்டே ஆரம்பிச்சுது பாருங்க.

"யோவ்! நம்ம கல்யாணத்துல எங்கண்ணனுக்குப் பந்தியில அப்பளம் வெக்கலல்ல?"

இது எங்க வூட்டுல நான் பொறந்ததுலருந்து கேக்கற சண்ட. மாமா சாப்புட உக்காந்தாராம், எல ஃபுல்லா வந்துச்சாம், அப்பளம் மட்டும் வரலியாம். பொங்கலுக்கும் இந்தச் சண்ட, தீபாவளிக்கும் இந்தச் சண்ட. அப்பா ஒருநாளும் ஒத்துக்கிட்டதே இல்ல.

"வெச்சோம்டி"ன்னு மெதுவா வந்துச்சு சத்தம்.

"எங்க வெச்ச? உங்க சித்தப்பன்தான கூடைய வெச்சுக்கினு தானே தின்னுட்டு நின்னான்?"

"எங்க சித்தப்பன இழுக்காத..."

"இழுப்பேன்யா! அப்பளத் திருட்டுக் கும்பல்!"

தூக்கிட்டுப் போற ஆளே தாங்காம, "அக்கா, பாவம், வுடுக்கா, அப்பறம் பேசிக்கலாம்"னான். அம்மா வுடல. அவரு கண்ணு சொருவும்போதெல்லாம் ஒரு அப்பளத்த எடுத்து வீசிச்சு. அவரும் பல்லக் கடிச்சிக்கினு பதில் குடுத்தாரு. செருப்பக் கக்கத்துல வெச்சிக்கினு ஓடின எனக்கு மானமே போச்சு. சாவக் கெடக்கற மனுஷன்கிட்ட ஒரு அப்பளத்துக்கு இப்படி ஒரு சண்டையா? நமக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு அம்மான்னு நெனச்சேன்.

ஆஸ்பத்திரி வந்துடுச்சு. டாக்டரு பாத்தாரு, ஒடனே உள்ள கொண்டாங்கன்னு கத்தினாரு. சக்கர நாற்காலியில மாத்தி உக்கார வெச்சுத் தள்ளினாங்க. கதவுகிட்ட போவும்போது எங்கப்பா அம்மா பக்கம் திரும்பினாரு. கோவமே இல்ல மொகத்துல.

"சரிடி. வெக்கல. உங்கண்ணனுக்கு அப்பளம் வெக்கல. தப்புதான்."

எங்கம்மா அத்தினி வருஷமா கேட்ட வார்த்த அது. ஜெயிச்சிடுச்சு! நான் கூட உள்ளுக்குள்ள கை தட்டினேன். ஆனா அது அந்தக் கதவப் புடிச்சிக்கினு அலறிச்சு:

"யோவ், ஒத்துக்காதய்யா! வெச்சய்யா! நீ வெச்ச! ஒத்துக்காத!"

கதவ மூடிட்டாங்க. அம்மா தரையில உக்காந்து, எங்கிட்டருந்து செருப்பப் புடுங்கி மடியில வெச்சிக்கிச்சு. யாரையும் தொட வுடல. ஜெயிச்சவங்க அழுவறத அன்னிக்குத்தான் மொதவாட்டி பாத்தேன்.

எங்கப்பா பொழச்சிட்டாரு. ரொம்ப நாளு ஆஸ்பத்திரியில கெடந்துட்டு, ஜட்காவுல வந்து, தெரு மொனையிலயே எறங்கிட்டாரு. செருப்பப் போட்டுக்கினு மெதுவா நடந்து வந்தாரு. சோடாக் கடைக்காரரு, டெய்லரு எல்லாரும் வெளிய வந்து நிக்கறாங்க. எங்கம்மா வாசல்ல நிக்குது. அப்பா வூட்டு முன்னால வந்து நின்னு, தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னாரு:

"ஆஸ்பத்திரியில சொன்னது மயக்கத்துல சொன்னது. உங்கண்ணனுக்கு அப்பளம் வெச்சோம். ஒண்ணு இல்ல, ரெண்டு வெச்சோம்!"

"வெக்கல!"ன்னு கத்திச்சு எங்கம்மா. மொகமெல்லாம் பல்லு.

தெருவே சிரிச்சுது. சரி, வாழ்க்க பூரா இனிமே இதே பேஜாருதான், மறுபடியும் சண்ட ஆரம்பிச்சிடுச்சேன்னு நான் ஒருத்தன்தான் அங்க அழுதுட்டு நின்னேன்.