மூன்று கிண்ணம் நெத்திலி

கொரியச் சாப்பாடு எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் காசிமேட்டில் எங்கள் தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். நான் அதை முதன்முதலில் சாப்பிடப் போனது ருசிக்காக இல்லை, ஒருத்தியைப் பழிவாங்க.

அந்த ஒருத்தி எங்கள் ஆபீஸ் மேனேஜர். ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வந்து போகும் சரக்குகளுக்குக் காகித வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ் அது. நேரில் 'மேடம்' என்பேன். இங்கே 'அவள்' என்றே எழுதுகிறேன், அந்த மரியாதை போதும்.

என் அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் மதிய டப்பாவில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு இருக்கும். போன வருஷம் ஒரு நாள் நான் டப்பாவைத் திறந்ததும் அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு காகிதம்: கடுமையான வாடை உள்ள உணவுகளைக் கொண்டுவர வேண்டாம். ஏழு பேர் வேலை செய்யும் இடத்தில் அது யாருக்கு என்று கேட்கவா வேண்டும்? அவள் வாரத்துக்கு இரண்டு நாள் வஞ்சிரம் வறுவல் கொண்டுவருவாள். அது நாறாதாம்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம், டாக்டர் உப்பு கூடாது என்று சொல்லிவிட்டார், இனிமேல் தொக்கு வேண்டாம் என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து தயிர்சாதம் கட்டினாள். பத்து மாதம் தயிர்சாதம் தின்றேன். ஒவ்வொரு வாய்க்கும் மேனேஜரைத் திட்டினேன்.

அவளுக்குக் கொரியா சீரியல் பைத்தியம். தனக்குச் சம்பளம் உயர்ந்ததற்கு எல்லோருக்கும் சனிக்கிழமை கொரிய ஓட்டலில் விருந்து என்று வாட்ஸப்பில் போட்டாள், கூடவே ஓட்டல் மேஜையின் போட்டோ. மற்றவர்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம். வளைந்த வால், மினுங்கும் வயிறு. கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு நெத்திலியைத் தெரியாதா? வாடி வா, மாட்டிக்கொண்டாய் என்று நினைத்துக்கொண்டேன். வருகிறேன் என்று முதல் ஆளாகப் பதில் போட்டேன்.

சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி ஆயிரம் விளக்கில் இறங்கினேன். ஓட்டலில் உட்கார்ந்ததுமே, கேட்காமலே சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்தன. காலியானால் மறுபடி நிரப்பித் தருவார்கள், அது அவர்கள் வழக்கமாம். புளித்த முட்டைக்கோஸ் காரமும் புளிப்புமாக நாக்கைச் சுண்டியது. கடற்பாசியில் சுருட்டிய சோறு, கறுப்புக் கல்சட்டியில் கொதித்துக்கொண்டே வந்த சூப். சூப்பை ஒரு வாய் குடித்ததும் எங்கள் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. நல்ல சாப்பாடு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கண் முழுக்க நெத்திலிக் கிண்ணத்தின்மேல்தான்.

எள்ளும் இனிப்பும் சேர்த்து வறுத்திருந்தார்கள். அவள் இரும்புக் குச்சியால் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். சீரியலில் இதைத்தான் சாப்பிடுவார்கள், என்ன ஒரு வாசனை என்றாள். இரண்டாவது கிண்ணம் கேட்டாள். மூன்றாவதும் கேட்டாள். யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அந்த மூன்றாவதும் முக்கால்வாசி காலியாகட்டும் என்று காத்திருந்தேன்.

பரிமாறிய பெண் மணிப்பூர்க்காரி, தமிழ் நன்றாகப் பேசினாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். ஆபீஸ்காரர்கள் முன்னால் நான் எங்கள் ஏரியா பாஷையைப் பேசியதே இல்லை. அன்றைக்கு வேண்டுமென்றே பேசினேன்.

"இது இன்னா மீனும்மா?"

காயவைத்த மீன் அக்கா, நெத்திலி என்றாள்.

"அதான் மேடம், கருவாடு."

அக்கவுன்டன்ட் தண்ணீர் குடிப்பதுபோல டம்ளருக்குள் முகத்தை மறைத்தார். அவள் குச்சியைக் கீழே வைத்தாள். இதில் ஸ்மெல்லே இல்லையே என்று முனகினாள்.

"கீது மேடம். மூணு கிண்ணம் துன்னீங்கல்ல, அதான் தெர்ல."

அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். நான் அதை என் பக்கம் இழுத்து மிச்சத்தைத் தின்றேன். அப்பா, என்ன சுகம்! மெட்ரோவில் திரும்பி வரும்போது தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் பொய்யையும் சேர்த்து. அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ என்னைப் பார்த்துக் கூச்சப்படறேன்னு நெனச்சேன்," என்றாள்.

அது பொய்யில்லை. மேனேஜர் மூக்கைப் பொத்திய அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இந்த அம்மாவுக்குக் கட்டிக்கொடுக்க வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்றுதான் முதலில் நினைத்தேன். என்னை அப்படி நினைக்க வைத்தவளை நான் எப்படி மன்னிப்பேன்?

திங்கட்கிழமை காலையில் அம்மா இரண்டு டப்பா நீட்டினாள். கடையிலும் அம்மாவின் வழக்கம் இதுதான். முகம் சுளித்துக்கொண்டு நிற்கிறவளுக்குத்தான் முதலில் ஒரு பிடி சும்மா அள்ளிக் கொடுப்பாள். தின்று பார்த்தவள் பிறகு விடாமல் வருவாள் என்பது அம்மாவின் கணக்கு.

"அந்தம்மாவுக்கு ஒண்ணு. சூடா கீது, எட்துகினு போ."

கதவில் அந்தக் காகிதம் இன்னும் இருந்தது. அதற்கு நேர்கீழே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். அவள் வந்தாள், நின்றாள். மூக்குக்குக் கை போகவில்லை. கண் டப்பாவிலேயே இருந்தது. அதே மாதிரி வாசனை வருதே என்றாள், அவ்வளவு மெதுவாக. இன்னொரு டப்பா என் பையில் காலடியில் இருந்தது. நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவள் போன பிறகு அதையும் திறந்து, வயிறு முட்ட நானே தின்று தீர்த்தேன்.

வீட்டுக்குள் நுழைவதற்குள் அம்மா கேட்டாள்.

"துன்னுச்சா அந்தம்மா?"

காலி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த முகத்திடம் வேறு என்ன சொல்வது? நல்லா சாப்பிட்டாங்க, இன்னும் கேட்டாங்க என்றேன்.

மறுநாளும் இரண்டு டப்பா. இன்றைக்கும் இரண்டு டப்பாதான். தினமும் இரண்டையும் நானே தின்கிறேன். பாவாடை நாடா இறுக்குகிறது, இப்போது உண்மையாகவே டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். ஆனாலும் அவளுக்கு ஒரு நெத்திலித் தலைகூடத் தர மாட்டேன்.