கன்னி மூலையில் ஒரு ஓட்டை

மிலிட்டரி சமுத்திரம் வாசலில் உட்கார்ந்திருந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் செத்த நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். நிற்காவிட்டால் கூப்பிட்டு நிறுத்துவார். பையில் என்ன, எந்தக் கடை, என்ன விலை என்று கேட்டு, இதையே ராஜபாளையத்தில் வாங்கியிருந்தால் எவ்வளவு மிச்சம் என்று பாடம் எடுப்பார். பட்டாளத்தில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர் ஒன்றுதான், ஆகையால் ஆவுடையம்மாள் ஒட்டுக்கேட்டாள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

அவர் மனைவி முனீஸ்வரிக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. துவைகல் முன்னால் குனிந்தால் நிமிர மாட்டாள். வாளி, குடம் எதையும் இனிமேல் தூக்கக் கூடாது, தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கிற மகள் மாரிச்செல்வி, "மெஷின் நான் வாங்கித் தாரேன், அதை வைக்க அப்பா ஒரு ரூம் மட்டும் கட்டட்டும்" என்றாள்.

முனீஸ்வரி கேட்டது கொஞ்சம்தான். சமையல்கட்டுக்குப் பின்னால், துவைகல் கிடக்கிற மூலையில் ஒரு சின்ன அறை. மேலே தகரம், உள்ளே ஒரு குழாய், ஒரு பிளக். பின்சந்துச் சாக்கடை அந்தச் சுவரை ஒட்டியே ஓடுவதால் அழுக்குத் தண்ணீர் போக ஒரு முழம் பைப்.

"அம்பதாயிரத்துல முடிஞ்சிரும்லக்கா?" என்று சுவருக்கு மேல் என்னிடம் கேட்டாள். வேல்சாமி கொத்தனாரும் அதைத்தான் சொன்னார்.

சமுத்திரம் தாராளமாக அறுபதாயிரம் ஒதுக்கினார். "ஒன்னு கூடுச்சுன்னா இன்னொன்னு கொறையணும். இதான் பட்ஜெட்டு" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார். அத்தோடு கட்ட ஆரம்பித்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை. மறுநாள் சுந்தரபாண்டியத்திலிருந்து வாஸ்து கண்ணுச்சாமியை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கண்ணுச்சாமி டேப்பை இழுத்தார். "உள்கூடு அகலம் எத்தன அடி?"

"ஏழு" என்றார் வேல்சாமி.

"ஏழு தரித்திரம்லா. எட்டு வைங்க, நெனச்சது நடக்கும். நீளம் பதினொன்னு. பதினொன்னுக்குப் பாலும் சோறும்."

அழுக்குத் துணி போடுகிற அறைக்குப் பாலும் சோறும் எதற்கு என்று நான் கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. அறை எட்டுக்குப் பதினொன்றாக வளர்ந்தது. அவ்வளவு பெரிய அறைக்குத் தகரம் போட்டால் ஊர் சிரிக்கும் என்று கான்கிரீட் ஆனது. கான்கிரீட்டுக்குக் கீழே சிமெண்டுத் தரையா என்று டைல்ஸ் வந்தது. வேல்சாமி ஒவ்வொன்றுக்கும் "செஞ்சிருவோம் சார்" என்றார். அவருக்கு என்ன, அடி கூடினால் கூலியும் கூடும்.

ஒன்று கூடினால் ஒன்று குறைய வேண்டுமே. முனீஸ்வரி கேட்ட அலமாரி போனது. குனியாமல் துணி எடுக்க மெஷினுக்கு அடியில் ஒரு மேடை கேட்டிருந்தாள், அதுவும் போனது. கடைசியில் கண்ணுச்சாமி தென்மேற்கு மூலையில் நின்று, பைப் வர வேண்டிய இடத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சார், இது கன்னி மூலை. இங்க ஓட்டை போட்டா வீட்டுப் பொம்பளைக்கு ஆகாது. உசுருக்கே நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன். இந்த மூலை ஒசந்து இருக்கணும், தண்ணி வடகிழக்க, ஈசானியத்துப் பக்கம்தான் ஓடணும்."

சமுத்திரத்தின் முகம் செத்துவிட்டது. பெண்டாட்டி மேல் பிரியம் இல்லாத மனுஷன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அன்று சாயங்காலமே என்னிடம் வந்தார்.

"மதினி, ஈசானியம் நம்ம முன் கேட்டுப் பக்கம் வருது. செவுத்துக்கு ஒங்க பக்கமா ஒரு பைப்பு போட்டுக்கிடட்டுமா?"

"என் மல்லியப் பந்தலுக்குச் சோப்புத் தண்ணியா? போங்க தம்பி, நல்ல வார்த்தை வாயில வராது" என்றேன்.

தன் வீட்டையே சுற்றிப் பைப் போட்டால் பட்ஜெட் இடித்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மெஷினுக்குப் பக்கத்துல ஒரு தொட்டி கட்டிருவோம். ரொம்பினா வாளியில மோந்து முன் கேட்டுல ஊத்திரலாம். செலவே இல்ல."

"யாரு ஊத்துவா?"

"முனீஸ்வரி வீட்டுலதான மதினி இருக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொட்டியிலேயே அவரை அமுக்கியிருப்பேன். யாருக்கு இடுப்பு தேய்ந்ததோ, யார் வாளி தூக்கக் கூடாதோ, அவளுக்காகக் கட்டுகிற அறையில் அவளுக்கே வாளி வேலை. கேட்டால், அவள் உயிரைக் காப்பாற்றத்தான் என்பார். முனீஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எடுபடாது என்று தெரிந்த பெண்களுக்கு வாய் தானாகவே சுருங்கிவிடும். பைப்பில் மிச்சமான காசில் ராஜபாளையத்துக் கடையிலிருந்து ஏழு குதிரை ஓடுகிற படம் போட்ட டைல்ஸ் வந்து சுவரில் ஏறியது. கணக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியபோது சமுத்திரம் பட்ஜெட் என்ற சொல்லையே நிறுத்திவிட்டார்.

அறை முடிந்ததும் பால் காய்ச்சினார்கள். துணி துவைக்கிற அறைக்குப் பால் காய்ப்பு வைத்ததை நான் இந்த வயதில்தான் பார்க்கிறேன். வத்திராயிருப்பிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். மாரிச்செல்வி மெஷினோடு வந்து இறங்கினாள். கூடத்தில் பாய் விரித்து, இலை போட்டு, பொங்கலும் வடையும் பரிமாறினார்கள். முதல் இலை கண்ணுச்சாமிக்கு.

"எல்லாரும் சாப்பிடுங்க, அங்கிட்டு மெஷின் ஓடட்டும்" என்று சமுத்திரம் தன் வேட்டிகளை உள்ளே போட்டு பட்டனை அமுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மெஷின் முதல் தடவை தண்ணீரைக் கக்கியதும் தொட்டி நிறைந்தது. அலசிவிட்டு இரண்டாம் தடவை கக்கியதும் வழிந்தது. தண்ணீர் வாஸ்துவைக் கொஞ்சமும் மீறவில்லை. உயர்த்திக் கட்டிய கன்னி மூலையை விட்டு இறங்கி, ஈசானியத்தைப் பார்த்து, சமையல்கட்டு வழியாக நேரே கூடத்துக்கு நுரையோடு வந்தது. கண்ணுச்சாமி இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்தார். பொங்கல் மட்டும் மிதந்தது.

"ஏட்டி முனீஸ்வரி, வாளிய எடுத்துட்டு வா" என்று சமுத்திரம் சத்தம் போட்டார்.

அவள் வந்தாள். இத்தனை பேர் பார்க்க மோந்து தூக்கினாள். முன் கேட்டுக்கு ஒரு வாளி போனது. இரண்டாவது போனது. மூன்றாவதை ஊற்றிவிட்டு வரும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். "அம்மா, வேண்டாம்மா" என்று மகள் வாளியைப் பிடுங்கப் போனாள். முனீஸ்வரி கொடுக்கவில்லை. புது அறைக்குள் போய், கன்னி மூலையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஓரத்தில் வேல்சாமி விட்டுப்போயிருந்த உளியையும் சுத்தியலையும் எடுத்து, சுவரில் வைத்து அடிக்க ஆரம்பித்தாள். முதல் அடியிலேயே ஒரு குதிரைக்குக் கால் போய்விட்டது.

சமுத்திரம் பதறிக்கொண்டு ஓடினார். "ஏட்டி, வேண்டாம்டி. கன்னி மூலை ஒடஞ்சா வீட்டுப் பொம்பளைக்குத்தான் ஆகாது."

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "ஒடையாம இருக்கயில பொம்பளைக்கு என்ன ஆச்சுன்னு இப்பப் பாத்தியள்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். பந்திக்கு வந்திருந்த வேல்சாமியை ஒரு பார்வை பார்த்தேன். அவர் வந்து உளியை வாங்கிக்கொண்டார். கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்ததும் மெஷினின் குழாயை அதற்குள் விட்டாள் மாரிச்செல்வி. மூன்றாம் தடவை கக்கிய தண்ணீர் முழுவதும் பின்சந்துச் சாக்கடையில் போய் விழுந்தது. கண்ணுச்சாமி மெல்ல வந்து, ஓட்டைக்கு ஒரு செப்புத் தகடு வைத்தால் தோஷம் நிவர்த்தி ஆகும், ஐயாயிரம்தான் ஆகும் என்றார். முனீஸ்வரி கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி, காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"தொட்டியில கெடக்கத மோந்து முன் கேட்டுல ஊத்திட்டு வாங்க சாமி. பொறவு பேசலாம்."

அவர் பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். வேறு யாரும் அசையவில்லை. கடைசியில் சமுத்திரமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியை எடுத்தார். முன் கேட்டுக்கும் பின்கட்டுக்கும் மூன்று நடை நடந்தார். மூன்றாவது முடிந்து வந்தவர் வாளியை வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எம்புட்டு கனம் கனக்கு மதினி இது" என்றார் என்னைப் பார்த்து.

மாரிச்செல்வி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டாள். முனீஸ்வரி அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் நாலு வாளி கெடக்குங்க" என்றாள்.