நான் சொல்லி வைத்த மரியாதை

எனக்கு வாய் சும்மா கிடக்காது. ஒரு காரியம் ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால், முந்திப் போய் நாலு பேரிடம் சொல்லி வைக்காமல் இருக்கமாட்டேன். மனம் நொந்தவர்களோடு பேசித் தேற்றும் உளவளத்துணையாளர் வேலைக்கு இது நல்ல குணம் என்றுதான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீர்வேலியில் ஒரு முன்பள்ளி ஆசிரியை. வயது இருபத்தேழு. அடுப்படியில் காஸ் பற்றியதில் இடது கன்னமும் மூக்கின் ஒரு பக்கமும் உதடும் எரிந்து சுருங்கிப்போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் அவளைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். புதன்கிழமைகளில் ஸ்கூட்டியில் போவேன். முதல் இரண்டு மாதமும் அறைக்குள் அவள், பூட்டிய கதவுக்கு வெளியே நான். தாய் எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, மகளுக்கும் சேர்த்து அழுவாள்.

மூன்றாம் மாதம் ஒருநாள் அவளாகவே வெளியே வந்தாள்.

“அக்கா, எனக்கு ஒண்டுதான் வேணும். திரும்பப் பிள்ளையளிட்டைப் போகவேணும். அதுகள் என்னைக் கண்டு பயந்து ஓடினால், பிறகு நான் ஒரு இடமும் போகமாட்டன்.”

சுற்றி வளைக்கத் தெரியாதவள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அன்றிலிருந்து நான் பிள்ளை, அவள் ரீச்சர். “ரீச்சர், உங்கடை முகத்திலை என்ன?” என்று குரலைச் சின்னதாக்கிக் கேட்பேன். முதல் நாள் எழும்பிப் போய்விட்டாள். அடுத்த கிழமை அழுதாள். அதற்கடுத்த கிழமை என்னை நன்றாக ஏசினாள். நாலு மாதம் விடாமல் கேட்டேன். கடைசியில், “நெருப்புச் சுட்டது. இப்ப நோகேல்லை. தொட்டுப் பாக்கப் போறீங்களோ?” என்று குனிந்து கன்னத்தைக் காட்டினாள். தொட்டுப் பார்ப்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே சேர்த்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை போவதாக முடிவானது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நேரே முன்பள்ளிக்குப் போனேன். போரில் செல் பட்ட முகங்களையும் கையில்லாமல் தொங்கும் சட்டைகளையும் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாராதது போல் போவதுதான் மரியாதை என்று சின்ன வயதில் எனக்கும் தலையில் குட்டிப் பழக்கியிருந்தார்கள். அதையே நான் அந்தப் பிள்ளைகளுக்கும், கூட்டிப்போக வந்த தாய்மாருக்கும் சொன்னேன்.

“திங்கள் ரீச்சர் வருவா. ஒருத்தரும் அவவின்ரை முகத்தைப் பாக்கப்படாது. ஒண்டும் கேக்கப்படாது. விளங்கிச்சோ?”

“ஓம்!” என்று எல்லாம் சேர்ந்து கத்தின. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கே மகள் திரும்பி வந்துவிட்டதாகத் தாய் போன் எடுத்தாள். விழுந்தடித்து ஓடினேன். போன சேலையோடு கட்டிலில் இருந்தாள்.

“ஒண்டும் பயந்து ஓடேல்லை அக்கா. ஒண்டும் அழவுமில்லை. எல்லாம் நிலத்தைப் பாத்துக்கொண்டு பாடிச்சுதுகள். நான் ஒவ்வொண்டுக்கும் முன்னாலை போய்க் குந்தினன். கண்ணை இறுக்கி மூடுதுகள். என்ன நடந்ததெண்டு ஒரு பிள்ளை கேக்கேல்லை. நான் அவ்வளவு பயங்கரமாவோ இருக்கிறன்?”

பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். அந்தக் கேள்விக்கு முன்னால் மனம் வரவில்லை.

“அதுகளிலை பிழையில்லை. நான்தான் பாக்க வேண்டாமெண்டு சொல்லி வைச்சனான்.”

“ஏன்?”

“உமக்கு நோகக்கூடாதெண்டு.”

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

“நாலு மாசமாய் என்னைப் பழக்கினியள். நான் பழகினன். என்னாலை ஏலாதெண்டு கடைசியிலை நீங்களே முடிவெடுத்திட்டியள்.”

நாளைக்கே போய், ரீச்சரை வடிவாகப் பாருங்கோ, விரும்பினதைக் கேளுங்கோ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“வேண்டாம் அக்கா. நீங்கள் சொல்லி அதுகள் பாத்தால், அது பாக்கிறதில்லை.”

அந்த முன்பள்ளிக்கு இப்போது வேறொரு ஆசிரியை வருகிறாள்.