பனங்கட்டிக் குட்டான் காத்த கண்ணாடி

கனடாவிலிருக்கும் மைத்துனர் அனுப்பிய பெரிய இரட்டைக்குழல் தொலைநோக்கி வந்த கிழமையே, அதன் முன்கண்ணாடி மூடிகள் இரண்டையும் என் கணவர் கடலில் தவறவிட்டார்.

"கண்ணாடி இருக்குத்தானே, மூடி என்னத்துக்கு?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெருதான். கதவுக் கொண்டியையே தின்னும் உப்புக்காற்று கண்ணாடியை விட்டுவைக்குமா? பக்கத்து வீட்டு அண்ணையின் தொலைநோக்கி அப்படித்தான் கெட்டது. உப்புப் பூத்ததும் உடுத்திருக்கும் சாரத்தின் தலைப்பால் அழுத்தித் துடைப்பார். உப்புப் போகும், கீறல் நிற்கும்.

மூடிக்காக வீட்டையே கிண்டினேன். கடைசியில், தேத்தண்ணியோடு கடிக்கிற பனங்கட்டி அடைத்து வரும் சின்ன ஓலைக் குட்டான்கள் இரண்டு மட்டுமட்டாகப் பொருந்தின. அந்தச் சந்தோசப் புளுகத்தில் அவற்றைக் கழுவ மறந்துபோனேன். விடிய எழும்பிப் பார்த்தால் முன்கண்ணாடி முழுக்க எறும்பு.

"கண்ணாடிக்குத் தேத்தண்ணியும் ஊத்திக் குடுமன்" என்று கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிக்கட்டும். குட்டான்களை அவித்துக் காயவைத்து, உள்ளே பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டு வெட்டித் தைத்தேன். மிச்சச் சேலையை அவர் படகு துடைக்க எடுத்துப் போனார். பார்த்து முடிந்த கையோடு மூடிவிடுவேன். தூசு பட்டால் முதலில் ஊதுவேன், பிறகுதான் துணி. கண்ணாடிக்குத் தொப்பி போட்டவள் என்று ஒழுங்கைச் சனமே பகிடி பண்ணியது.

போன மாரிக்கு முன் ஒருநாள், மீன்பிடிக்கப் போய்க் காலையில் கரைக்கு வரவேண்டிய கணவர் மத்தியானமாகியும் வரவில்லை. போனும் வேலை செய்யவில்லை. அண்ணை தன் தொலைநோக்கியால் கடலைத் துழாவினார்.

"ஒண்டும் தெரியேல்லை பிள்ளை. ஒரே புகார் மூட்டம்."

எங்கள் தொலைநோக்கியை எடுத்து வந்தேன். குட்டான்களைப் பிடுங்கி மணலில் எறிந்துவிட்டு, மதிலில் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். புகார் கடலில் இல்லை, அண்ணையின் கண்ணாடியில்தான் இருந்தது. கடல் பளிச்சென்று கிடந்தது. கிழக்கே தூரத்தில் ஒரு படகு, அதில் ஏதோ சிவப்பாக ஆடியது. என் சேலை! துடுப்பில் கட்டி ஆட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, அந்தா, கிழக்காலை! எஞ்சின் நிண்டுபோச்சுப் போலை, கெதியாப் போங்கோ!"

அண்ணை தன் படகில் போய்க் கட்டி இழுத்து வந்தார். நான் அழுதேன், சிரித்தேன், உலகத்தையே வென்றவள் போல நின்றேன். கண்டுபிடித்த கதையை அண்ணைதான் அவருக்குச் சொன்னார்.

 கணவர் மணலில் கிடந்த குட்டான்களைப் பொறுக்கி, தட்டி, உள்ளே ஊதி, தன் கையாலேயே கண்ணாடிக்குப் போட்டார்.

"இறுக்கிப் போடுங்கோ" என்றேன்.

"ஓம்" என்றார்.