முதுகுக்கும் தரைக்கும் நடுவில்

என் மனைவி ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள். இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பிய பிறகு என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்காது. ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கயிறு, வலை, மிதவை, தார்ப்பாய் விற்கிற கடைக்காரன் நான். கயிறு வாங்க வரும் படகுக்காரர்கள் நான் அளந்து முடிப்பதற்குள் கேட்டுவிடுவார்கள்.

"இன்னா நைனா, வூட்டுக்காரம்மா இப்போ எங்க பறந்துகினு கீறாங்க?"

"கடல் மேல" என்பேன். உண்மையும் அதுதான். ஆந்திரக் கடற்கரையிலிருந்து கிளம்பி, நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வேலை முறை முடிந்தவர்களைக் கரைக்குக் கொண்டுவருவது அவள் வேலை. சில வாரங்கள் அங்கே, சில வாரங்கள் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் போகிறது.

அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தான். எண்ணூரில் அனல்மின் நிலையக் குடியிருப்பில் வளர்ந்தவள். திருவொற்றியூரில் டியூஷனில் என்னோடு ஒரே பெஞ்சு வரிசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டவள். பறக்கப்போகிறேன் என்று அப்போதே சொன்னாள், நான் அப்போதே அவளைக் காதலித்தேன். தெரிந்துதானே கட்டிக்கொண்டாய், இப்போது புகார் சொல்ல உனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று என் அம்மா கேட்பார். உரிமை இல்லாமலேயே புகார் சொல்கிற ஆள் நான்.

வெளிநாட்டுக்குப் போன கணவனை நினைத்து மனைவி ஏங்கினால் ஊரே உச்சுக்கொட்டும். வேலைக்குப் போன மனைவியை நினைத்துக் கணவன் ஏங்கினால் கேலிதான் மிச்சம். அதனால் நான் யாரிடமும் சொல்வதில்லை. அவள் இல்லாத வாரங்களில் வீட்டில் நெத்திலி வறுத்தால் எனக்குப் பாதிக்கு மேல் இறங்காது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் படகுக்காரர்கள் கடலுக்குப் போகாமல் என் கடையில் வந்து உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "இன்னிக்கு காத்து சரியில்ல மாமு" என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்லும்போது நான் போனை எடுத்துப் பார்ப்பேன். அதே காற்றில் அவள் கிளம்பியிருப்பாள்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அன்றைய கடைசிப் பறப்பு முடிந்து கரையில் இறங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நான் எடுக்கக் கூடாது. இறங்கியதும் அவளுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை நிறைய இருக்கும், பேச நேரமிருக்காது. போன் அடித்து நின்றதும் என் பொழுது இறங்கும். அதற்குப் பிறகுதான் கடையைப் பூட்டுவேன். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் பாதியை எடுக்காத அழைப்பிலேயே ஓட்டினோம் என்று சொன்னால் மிகையில்லை.

போன வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், மேடையில் இறங்கும்போது காற்று திடீரென்று கீழே தள்ளி, ஹெலிகாப்டர் தளத்தில் பலமாக மோதியது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அவளுடைய முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. வேறொரு ஹெலிகாப்டர் வந்து அவளைப் படுக்கவைத்துக் கரைக்குக் கொண்டுபோனது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று சாயங்காலம் எனக்கு வழக்கம்போல மிஸ்டு கால் வந்தது. நான் வழக்கம்போல கடையைப் பூட்டினேன், போகிற வழியில் பரோட்டா சாப்பிட்டேன், வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளே பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. கூடப் பறந்தவரிடம் தன் போனைக் கொடுத்து, என் எண்ணுக்கு அடித்து உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

"நான்தான் குடுக்கச் சொன்னேன்யா. சேதி தெரிஞ்சா நீ உடனே காரை எடுத்துகினு பேய் மாதிரி ஓட்டிகினு வருவே. வழியில உனக்கு எதனா ஆயிட்டா?"

"எனக்கு எது ஆபத்துன்னு நீ இன்னாமே முடிவு பண்றது?"

"நீ மட்டும் இந்த வேலை எனக்கு ஆபத்துன்னு முடிவு பண்ணலியா?" என்றாள். எனக்குக் கோபம் வண்டி வண்டியாக வந்தது. அவள் செத்துக்கொண்டிருந்தாலும் அந்த மிஸ்டு கால் வந்திருக்கும், நான் பரோட்டா தின்றிருப்பேன் என்ற நினைப்பு வெகுநாள் என்னைவிட்டுப் போகவில்லை.

முதுகுக்குப் பட்டை கட்டிய நிலையில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். முதலில் படுக்கை, பிறகு மெதுவாக நடை, அதற்கும் பிறகு பயிற்சி. திருவொற்றியூரிலிருந்து பிசியோதெரபி டாக்டரம்மா சில நாட்கள் வந்து சொல்லிக்கொடுத்தார். அதற்கப்புறம் அந்த வேலை என் தலையில் விழுந்தது. காலையில் கூடத்தில் பாய் விரித்து அவள் முழங்காலை மடித்து மல்லாந்து படுப்பாள். அவள் இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் நான் உள்ளங்கையை வைக்க வேண்டும். அவள் மூச்சை விட்டுக்கொண்டே முதுகால் என் கையைத் தரையோடு அழுத்த வேண்டும். அழுத்தம் கூடக் கூட முதுகு தேறுகிறது என்று அர்த்தம். எவ்வளவு அழுத்துகிறாள் என்பது அவளுக்குச் சரியாகத் தெரியாது. வைத்திருக்கிற கைக்குத்தான் தெரியும்.

ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கையின் மேல் ஒரு துணி கிடப்பதுபோல இருந்தது. அவள் பல்லைக் கடிப்பாள், கண்ணில் நீர் ஓடிக் காதுக்குள் போகும். நான் துடைத்துவிடுவேன். "அழுத்துறேன்ல? தெரியுதா?" என்பாள். "தெரியுது தெரியுது" என்பேன்.

சொல்லக் கூசினாலும் சொல்கிறேன். அந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்த மாதங்கள். காலையில் எழுந்தால் பக்கத்தில் அவள் இருப்பாள். கடையிலிருந்து மத்தியானம் சாப்பிடப் போனால் இருப்பாள், பொழுது சாய்ந்து போனாலும் இருப்பாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மறித்து நின்றால் முன்பெல்லாம் நான் யாரையும் திட்டாமல் காத்திருப்பேன். இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதால் எல்லா லாரிக்காரனையும் வாயில் வந்தபடி திட்டினேன். திட்டுகிறோமே என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். நாங்கள் சண்டை போட்டோம், தாயம் ஆடினோம், ஒரே தட்டில் மாம்பழம் தின்றோம். அவ்வளவுதான் செய்தோம், எனக்கு அது போதுமாக இருந்தது.

அவளுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியும். துறைமுகத்துப் பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நிற்கும். சத்தம் தேய்ந்து அடங்குகிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். எங்கே விட்டாள் என்று நான்தான் நினைவு வைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டு ஜெபத்தில், தெற்கத்திப் பேச்சு இன்னும் மாறாத என் அம்மா உருகி உருகி வேண்டுவார். "ஏசப்பா, எம் மருமவளுக்கு முதுவுல பெலன் குடும் ஆண்டவரே." அம்மா கேட்பது கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லவில்லை. ஒரு நாள் அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"என்னல, வாயில கொழுக்கட்டையா?"

"இருமல்மா" என்றேன்.

ஆனால் என் கையை என்ன செய்வது? அளவில் ஏமாற்றத் தெரியாத கை அது. காலையில் சரியான இடத்தில் போய்த்தான் நின்றது. அவள் சோம்பினால் "இன்னும் ஒரு தபா" என்று விரட்டியதும் நான்தான். வாரங்கள் போகப் போக முதுகு கனமாயிற்று. ஒரு நாள் அவள் அழுத்தியதில் என் விரலை உருவ முடியவில்லை. "தெரியுதா?" என்றாள். வெறுமே தலையாட்டினேன். முதுகு தேறிய செய்தி எந்த டாக்டருக்கும் முன்னால் எனக்குத்தான் கிடைத்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்குப் போய் கணக்கில்லாமல் டீ குடித்தேன்.

அவள் மறுபடி பறக்கலாமா என்று பெங்களூரில் மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். போவதற்கு நாள் குறித்திருந்தார்கள். அதைத் தள்ளிப்போட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும், அவளுக்கு அலுவலகத்தில் நாற்காலி வேலை. ஆபத்தில்லாத வேலை. சென்னையிலேயே கிடைக்கும் என்றுகூடச் சொன்னார்கள். பெங்களூருக்குப் போகலாமா, தள்ளிப்போடலாமா என்று முடிவு செய்ய அன்று காலை டாக்டரம்மா வீடியோ காலில் வந்தார். போனை நாற்காலியில் சாய்த்துவைத்தோம். அவள் படுத்தாள், நான் கை வைத்தேன், அவள் அழுத்தினாள்.

"எக்ஸ்ரே எல்லாம் நல்லா இருக்கு. ஆனா சீட்ல மணிக்கணக்கா குலுங்கணும், தசை தாங்கணும்" என்றார் டாக்டரம்மா. "நீங்கதான் சார் தினமும் பார்க்கிறீங்க. அழுத்தம் போதுமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?"

என் கை அவள் முதுகுக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சொன்னால் முடிந்தது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவள் என்னைப் பார்ப்பாள், கெஞ்சுவாள், இல்லை முறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடேயே சொன்னேன்.

"போதும் டாக்டர். நல்லா ஸ்ட்ராங்கா கீது."

பெங்களூரில் பறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் குழந்தை மாதிரி குதித்தாள். நானும் கேசரி வாங்கிக் கொடுத்தேன். வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு டாக்டரம்மா கேட்டப்போ, பத்தாதுன்னு நான் சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பே?"

மடிப்பதை அவள் நிறுத்தவில்லை. "நம்பியிருப்பேன்."

"சும்மா சொல்லாதமே."

"சும்மா இல்லய்யா. எனக்கே டவுட்டாத்தான் இருந்துச்சு. பயம் வேற. திரும்ப அந்த சீட்ல போய் குந்த முடியுமான்னு தினம் பயந்துகினு இருந்தேன். நீ பத்தாதுன்னு சொல்லியிருந்தா, சரி, அவ்ளோதான்னு வூட்டோட இருந்திருப்பேன்."

"இத அப்போவே சொல்லியிருக்கலாமே. ஏன் மேல பாத்துகினு படுத்துகினு இருந்தே?"

"உன் மூஞ்ச பாத்தா நீ எனக்கோசரம் எதனா சொல்வே. உன் கைக்கு தெரிஞ்சத நீ சொல்லட்டும்னுதான்."

சொல்லிவிட்டு ஒரு புடவையின் முனையை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேருமாக மடித்தோம்.

அவள் போய் இப்போது சில வாரங்கள் ஆகின்றன. இன்று காற்று சரியில்லை. படகுக்காரர்கள் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு என்னைக் கேலி செய்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். எனக்கு அவள் வேண்டும். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாள், சொன்னது பொய் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. அன்று உண்மையைச் சொன்னது சரிதான் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மறுபடியும் யாராவது வந்து என்னைக் கேட்டால், அதையே சொல்வேனா என்று எனக்குத் தெரியவில்லை.